கன்று கேட்டால் இல்லை என்பவள்

அந்தமானில், லம்பா லைனில் எங்கள் தெருவில் எனக்கு ஒரு கெட்ட பெயர் உண்டு: வாழைக்கன்று கேட்டால் தரமாட்டாள். கறிவேப்பிலை, முருங்கைக்கீரை, எலுமிச்சை என்று எதைக் கேட்டாலும் பறித்துக் கொடுப்பேன். பூவன் தார் முற்றினால் சீப்பு சீப்பாக வெட்டி அக்கம்பக்கத்துக்கு அனுப்புவேன். கன்று மட்டும் கிடையாது. கன்று கேட்டு வாசலுக்கு வந்தவரை வெறுங்கையோடு அனுப்புவது நம்மில் எவ்வளவு பெரிய மரியாதைக் குறைவு என்று தெரிந்தேதான் செய்கிறேன். வாசலில் நின்றபடி இரண்டு வரியில் சொல்லி முடிக்கிற காரணமாக அது இல்லை. அதனால் எழுதுகிறேன்.

என் பூவன் தூருக்கு வைரஸ் நோய் இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் யாரும் சொல்லமாட்டார்கள். இலை பச்சை, தண்டு பருமன், தார் காய்க்கிறது. அருகில் போய் இலையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால்தான் நரம்பை ஒட்டி மெல்லிய மஞ்சள் கோடுகள் தெரியும். நாளாக ஆக அவை பழுப்பாகிக் கறுக்கும். எல்லா இலையிலும் இருக்காது. சில மாதங்கள் புதிதாக விரிகிற இலையில் ஒரு கோடுகூட இருக்காது. நோய் போய்விட்டது என்று நினைப்பேன், அப்புறம் திரும்ப வரும். வேளாண் துறையில் வேலை பார்க்கும் என் அண்ணன் மகன் ஒருமுறை வந்தபோது பார்த்துவிட்டு, இலைப்புள்ளி நோயாகக்கூட இருக்கலாம், சோதித்துப் பார்த்தால்தான் தெரியும் என்று மாதிரி எடுத்துப் போனான். வாழை இலைக்கோடு வைரஸ் என்று உறுதியானது.

"அப்ப வெட்டிடணுமா?" என்றேன்.

"தார் போடுதுல்ல அத்தை? பூவன்ல இது சகஜம். வச்சுக்குங்க. ஆனா கன்னு மட்டும் யாருக்கும் குடுத்துடாதீங்க."

வைத்துக்கொள், கொடுக்காதே. அந்த ஒரு வாக்கியத்தில் இருந்த இரண்டு பாதிகளும் ஏன் சேர்ந்தே வருகின்றன என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு நிறைய வாசிக்க வேண்டியிருந்தது. பள்ளியில் விஞ்ஞானம் நடத்திய பழக்கம், விட மனம் வரவில்லை.

வைரஸ் தாக்கினால் ஒரு செடிக்கு முன்னால் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, வைரஸை உள்ளே பெருகவிடாமல் தடுப்பது. இதை எதிர்ப்புத் திறன் என்கிறோம். மற்றொன்று, வைரஸ் உள்ளே இருந்துவிட்டுப் போகட்டும், நான் காய்க்கிற காயைக் காய்த்துக்கொள்கிறேன் என்று இருப்பது. இது தாங்குதிறன். வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். எதிர்க்கிற செடியும் பச்சை, தாங்குகிற செடியும் பச்சை. உள்ளே பார்த்தால் முதல் செடியில் வைரஸ் இல்லை, அல்லது மிகக் குறைவு. இரண்டாவதில் தாராளமாக இருக்கும்.

எதிர்ப்பதுதானே நல்லது, எல்லாச் செடியும் அதையே செய்யலாமே என்று எனக்கும் தோன்றியது. எதிர்ப்புக்கும் செலவு உண்டு என்பதற்குப் புகையிலை ஒரு பழைய சாட்சி. காட்டுப் புகையிலை இனம் ஒன்றில் 'என்' என்று பெயரிடப்பட்ட மரபணு இருக்கிறது. அமெரிக்க ஆய்வாளர் பிரான்சிஸ் ஹோம்ஸ் 1930-களில் அதைப் பயிர்ப் புகையிலைக்குக் கொண்டுவந்தார். அந்த மரபணு உள்ள செடியில், தேமல் வைரஸ் நுழைந்த இடத்தைச் சுற்றியுள்ள செல்கள் தாமாகவே செத்து, வைரஸை அந்தப் புள்ளியிலேயே அடைத்துவிடும். இலையில் ஒரு சிறு கருகல், அதோடு சரி. ஆனால் வெப்பம் 28 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அந்தக் காவல் வேலை செய்யாது. வைரஸ் செடி முழுக்கப் பரவிவிடும். பரவிய பிறகு வெப்பம் தணிந்தால் காவல் மறுபடி விழித்துக்கொள்ளும். அப்போது வைரஸ் இல்லாத இடமே இல்லாததால், செடி தன் பாதுகாப்பாலேயே கருகிச் சாகும். எங்கள் தீவில் வருடத்தின் பெரும்பகுதியில் பகல் வெப்பம் 28-ஐத் தாண்டித்தான் நிற்கிறது. இப்படிப்பட்ட காவலை நம்பி இங்கே ஒரு செடி குடித்தனம் நடத்த முடியாது.

தாங்குவது எப்படி நடக்கிறது என்பதற்கு 1928-இல் விங்கார்ட் என்ற அமெரிக்கர் பார்த்தது நல்ல தொடக்கம். வளையப்புள்ளி வைரஸ் தாக்கிய புகையிலையில் கீழ் இலைகள் கருகிக் கிடக்க, அதற்கு மேலே விரிந்த இலைகள் குற்றமற்றவையாக வந்தன. நோய் தீர்ந்துவிட்டதா என்றால் இல்லை. அந்த அழகான இலைகளிலும் வைரஸ் இருந்தது. ஏன் அப்படி என்பது எழுபது ஆண்டு கழித்து, 1997-இல் பிரிட்டனில் டேவிட் பால்கம்பின் குழு செய்த சோதனைகளில் தெளிவாகத் தொடங்கியது. செடி, வைரஸின் ஆர்.என்.ஏ.வை அடையாளம் கண்டு சிறு துண்டுகளாக நறுக்குகிறது. அந்தத் துண்டுகளையே அடையாளமாக வைத்து, அதே வரிசையுள்ள ஆர்.என்.ஏ.வை மேலும் தேடி நறுக்குகிறது. வைரஸும் சும்மா இருப்பதில்லை. நறுக்குகிற கருவியை முடக்கும் புரதங்களைத் தயாரிக்கிறது. இந்த இழுபறி ஒரு சமநிலையில் நின்றுவிட்டால் வைரஸ் அழியாது, செடியும் சாகாது. என் பூவனில் சில இலை கோட்டோடும் சில இலை கோடில்லாமலும் வருவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் புகையிலை நினைவுக்கு வரும்.

தாங்குவதற்கு வேறொரு வழியும் உண்டு. அது வரவு செலவு சம்பந்தப்பட்டது. மாட்ரிட்டில் கார்சியா-அரினால் குழுவினர் அரபிடாப்சிஸ் என்ற கடுகுக் குடும்பத்துச் சிறு செடியில் வெள்ளரித் தேமல் வைரஸை ஏற்றிப் பார்த்து 2008-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். நீண்ட ஆயுள் கொண்ட வகைகள் நோய் வந்ததும் இலைக்கும் தண்டுக்கும் போடும் உணவைக் குறைத்து, பூவுக்கும் விதைக்கும் திருப்பிவிட்டன. செடி சிறுத்தது, விதை அந்த அளவுக்குக் குறையவில்லை. குறுகிய ஆயுள் வகைகளுக்கு இந்தச் சாமர்த்தியம் அவ்வளவாக வரவில்லை. திருப்பிவிட அவற்றிடம் மிச்சமே இல்லை. சிறுத்த செடி தனியாக நின்றால் பிழைத்துக்கொள்ளும். நெருக்கமாக நடப்பட்ட இடத்தில் பக்கத்துச் செடி நிழலில் அமுக்கிவிடும். தாங்குதிறன் என்பது ஒரு செடியின் நிரந்தரக் குணம் அல்ல, அது நிற்கிற இடத்தையும் பொறுத்தது என்று இதிலிருந்து தெரிந்துகொண்டேன்.

ஆக, தாங்குகிற செடி தன் செலவைத் தானே கட்டுகிறது. என் பூவனின் தார் முன்பிருந்த அளவு இல்லை, சீப்புகளும் குறைவு. அதற்கு நான் சம்மதித்துவிட்டேன். சென்னைக் கப்பல் தாமதமானால் அபர்தீன் பஜாரில் காய்கறி விலை கேட்டுவிட்டுத் திரும்பி வருகிற ஊர் இது. வீட்டில் ஒரு சிறிய தார் என்றாலும் தார்தான். கணக்கு இதோடு முடிந்திருந்தால் எனக்குக் கெட்ட பெயர் வந்திருக்காது. தாங்குதிறனின் செலவில் ஒரு பங்கைப் பக்கத்துச் செடி கட்டுகிறது. அங்கேதான் என் மனசாட்சி மாட்டிக்கொண்டது.

இதற்குச் சாத்துக்குடியைவிடப் பெரிய உதாரணம் இல்லை. எலுமிச்சைக் குடும்பத்தின் டிரிஸ்டீசா வைரஸ் ஆசியாவில் தோன்றியது என்பதே ஆய்வாளர்களின் கருத்து. இங்குள்ள பல இனங்கள் அதை நெடுங்காலம் தாங்கியபடி, நோய் என்றே தெரியாமல் வாழ்ந்துவந்தன. நன்றாக இருக்கிற நாற்றுகளாக அவை கப்பலேறி உலகம் சுற்றின. தென் அமெரிக்காவில் அப்போது சாத்துக்குடியைப் புளிப்பு ஆரஞ்சு வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டி வளர்ப்பது வழக்கம். 1930-களில் அர்ஜென்டினாவிலும் பிரேசிலிலும் அந்த மரங்கள் தோப்புத் தோப்பாகச் செத்தன. உலகம் முழுவதும் கோடிக்கணக்கான மரங்கள் போயின. பரப்பியது அசுவினிப் பூச்சி. கொண்டுவந்தது ஆரோக்கியமாகத் தெரிந்த செடி. பிறகு பிரேசில் தாங்குகிற வேர்ச்செடிகளுக்கு மாறியது. அவற்றில் முக்கியமானது ரங்பூர் எலுமிச்சை. நம் துணைக்கண்டத்து ரங்பூரின் பெயர் தாங்கியது. தீவிரம் குறைந்த வைரஸை முன்கூட்டியே ஏற்றி, தீவிர வைரஸ் நுழையாமல் தடுக்கும் முறையையும் அங்கே கையாண்டார்கள். தாங்குதிறன் கொண்டுவந்த கேட்டுக்கு மருந்தாகவும் தாங்குதிறனே வந்தது. வைரஸ் மட்டும் தோப்பை விட்டுப் போகவில்லை.

வெண்டைக்காயின் கதை நமக்கு இன்னும் நெருக்கம். இலை நரம்பெல்லாம் மஞ்சளாகி, காயும் வெளிறிப்போகிற நோயை நாம் எல்லோரும் பார்த்திருப்போம். வெள்ளை ஈ பரப்புகிற இந்த மஞ்சள் நரம்புத் தேமலை 1924-இல் பம்பாய் மாகாணத்தில் பதிவு செய்தார்கள். டெல்லி பூசாவிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் இதற்கு விடையாக 1960-ஐ ஒட்டி 'பூசா சவானி' ரகத்தைக் கொடுத்தது. அதன் பெற்றோரில் ஒன்று வங்காளத்திலிருந்து எடுத்த ஐ.சி.1542 என்ற வகை. அந்த வகைக்கு வைரஸ் வராமல் இல்லை; வந்தாலும் அறிகுறி காட்டாது. பூசா சவானி நாடெங்கும் பரவியது, விவசாயிக்குப் பல ஆண்டுகள் நல்ல பலன் தந்தது. பிறகு படிப்படியாக அதுவும் மஞ்சளாகத் தொடங்கியது. அதன்பின் காட்டு வெண்டை இனங்களைத் தேடிப் போய், பெங்களூரிலிருந்து 'அர்கா அனாமிகா' போன்ற ரகங்கள் வந்தன. அறிகுறி காட்டாத ஒரு செடியை நாடு முழுக்க நட்டால், வைரஸுக்கு நாடு முழுக்கத் தங்குமிடம் கிடைக்கிறது. அப்படி ஒரு தோட்டத்தின் ஓரத்தில் நோஞ்சான் ரகத்தை நட்டவனின் கதி என்ன என்பதை யாரும் கணக்கில் எழுதியிருக்கமாட்டார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு என் வேலை நாட்கள் நினைவுக்கு வந்தன. காய்ச்சலோடு பள்ளிக்கு வருகிற ஆசிரியருக்கு எங்களிடையே தனி மரியாதை இருந்தது. தொண்டை கட்டியிருக்கும், கண் சிவந்திருக்கும், "லீவு போடாம வந்திருக்காங்க பாருங்க" என்று தலைமையாசிரியர் சொல்வார். நானும் அந்த வகைதான்; மாத்திரையைப் போட்டுக்கொண்டு நின்று நடத்திவிடுவேன். என் உடம்பு தாங்கியது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளின் உடம்பு தாங்கியதா என்று நான் கேட்டுக்கொண்டதில்லை. பூவன் தூர் எனக்குக் கேட்கக் கற்றுக்கொடுத்தது.

தாங்குவதை முழுக்கக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவும் முடியாது. 2008-இல் அமெரிக்காவில் மரிலின் ரூஸின்க் குழுவினர் நெல், தக்காளி, பீட்ரூட் உட்படப் பல செடிகளில் வைரஸை ஏற்றித் தண்ணீரை நிறுத்திப் பார்த்தார்கள். வைரஸ் இல்லாத செடிகள் முதலில் வாடின. வைரஸ் ஏறிய செடிகள் சில நாட்கள் தாமதமாகவே வாடின. நோய்ச் செடிகளில் வறட்சியைத் தாங்க உதவும் சில பொருள்கள் கூடுதலாகச் சேர்ந்திருந்தன. சாதாரண நாளில் சுமையாக இருக்கிற வைரஸ் கஷ்ட காலத்தில் கொஞ்சம் கைகொடுக்கிறது. தனிக்காரி அணையில் தண்ணீர் இறங்கி, குழாயில் முறை வைத்துத் தண்ணீர் விடும் எங்கள் கோடையில் இது எனக்குச் சுவையான செய்தி. அதை வைத்து என் பூவனுக்குப் பரிந்து பேசமாட்டேன். அந்தச் சோதனையில் வாழை இல்லை.

எல்லா நோயும் தாங்கக்கூடியதும் அல்ல. வாழைக்கு முடிக்கொத்து நோய் வந்தால் இலைகள் குறுகி உச்சியில் கொத்தாக நிற்கும், தார் வராது. அங்கே தாங்குதிறன் என்ற பேச்சுக்கே இடமில்லை, தூரோடு பிடுங்கி அழிப்பதுதான் வழி. 1889-இல் பிஜியில் பதிவான நோய் இது. 1913 வாக்கில் இலங்கையிலும் ஆஸ்திரேலியாவிலும், 1940-இல் கேரளத்திலும் தலைகாட்டியது. பழனி மலைச் சரிவுகளிலும் சிறுமலையிலும் சுமார் 18,000 ஹெக்டேரில் இருந்த விருப்பாச்சி மலைவாழை 2,000 ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கியதில் இதற்குப் பெரும்பங்கு உண்டு. பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் பேர்போன பழம் அது. ஆஸ்திரேலியாவில் 1920-களில் வாழை விவசாயமே படுத்துவிட்டது. நோய்த் தூரைக் கட்டாயமாக அழிக்கவும் கன்று நடமாட்டத்தைக் கட்டுப்படுத்தவும் சட்டம் போட்டுத்தான் மீண்டார்கள். இந்த நோயைப் பரப்பும் அசுவினி பக்கத்துத் தோட்டம் வரை பறக்கும்; கடல் தாண்டுவதற்கு அதற்கும் வைரஸுக்கும் மனிதன் கையிலிருக்கும் கன்று வேண்டும்.

போன மழைக்கு முன்னால் பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பெண் கேட்டாள், "டீச்சர், ஒரே ஒரு கன்னு குடுங்க. உங்க பூவன் எவ்ளோ நல்லா இருக்கு."

"நல்லா இருக்கிறதாலதாம்மா யோசிக்கிறேன்" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. முகம் சுருங்கிவிட்டது.

உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து இலையைக் காட்டினேன். மாவுப்பூச்சி எப்படி இதை ஒரு வாழையிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகும், கன்றோடு எப்படி நேராகவே போய்விடும் என்றெல்லாம் சொன்னேன். அவள் கெட்டிக்காரி. "அப்ப திசு வளர்ப்புப் பூவன் வாங்கினா சுத்தமா இருக்கும்ல?" என்றாள்.

அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. நம் வாழைகளுக்கு இரண்டு காட்டு மூதாதைகள். பூவன் இரண்டின் கலப்பு. அதில் பால்பிசியானா என்ற மூதாதையின் மரபணுத் தொகுதியில், இலைக்கோடு வைரஸ்கள் சிலவற்றின் மரபுப் பகுதி மிகப் பழங்காலத்திலேயே ஒட்டிக்கொண்டு நிரந்தரமாகிவிட்டது. சாதாரணமாகத் தூங்கும். வறட்சி, வெப்ப மாற்றம், திசு வளர்ப்பு போன்ற நெருக்கடியில் விழித்து முழு வைரஸாக வெளிவரக்கூடும். வெளியிலிருந்து எந்தப் பூச்சியும் வரவேண்டியதில்லை. திருச்சியிலுள்ள தேசிய வாழை ஆராய்ச்சி மையம் போன்ற இடங்களில் தாய்ச்செடியைச் சோதித்துப் பார்த்து எடுப்பதற்கு இது ஒரு காரணம். ஜி நைன், செவ்வாழை போன்றவற்றில் பால்பிசியானாவின் பங்கு இல்லாததால் இந்த உள்வீட்டுத் தொல்லை கிடையாது. சோதித்த கன்றாகப் பார்த்து ஜி நைன் வாங்கி வைக்கச் சொன்னேன். வாங்கி வைத்திருக்கிறாள். என் தூருக்கும் அவள் வாழைக்கும் இடையில் வீட்டின் முழு அகலமும் இருக்கிறது. மாவுப்பூச்சியையும் அதைத் தூக்கிச் சுமக்கும் எறும்பையும் என் பக்கத்தில் நான் பார்த்துக்கொள்கிறேன். தார் வெட்டியதும் அவளுக்குத்தான் முதல் சீப்பு.

என் தூரை நான் இன்னும் வெட்டவில்லை. வெட்டுவதுதான் அக்கம்பக்கத்துக்கு முழுப் பாதுகாப்பு என்பது எனக்குத் தெரியும். பழத்தின் மேல் ஆசையும் இருக்கிறது. கன்று தராமல், பூச்சியை அண்டவிடாமல், கோடு கூடினால் அன்றே வெட்டுவது என்ற நிபந்தனையோடு வைத்திருக்கிறேன். இது நான் எனக்கே செய்துகொண்ட சமரசம்; எல்லோருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன்.

சிபாரிசு செய்வது வேறொன்றை. விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே குடியிருப்பதால் ஊரிலிருந்து வருகிறவர்களின் பைகளை அடிக்கடி பார்க்கிறேன். ராமநாதபுரத்திலிருந்து ஒரு கன்று, மதுரையிலிருந்து ஒரு மல்லிகைப் பதியம், எலுமிச்சை ஒட்டு, செம்பருத்திக் குச்சி. மூன்று நாள் கப்பலிலும் ஈரத்துணி சுற்றிக் காப்பாற்றிக் கொண்டுவருகிறார்கள். அதிலுள்ள பாசம் எனக்குப் புரிகிறது. நோஞ்சான் செடியை யாரும் கொண்டுவருவதில்லை. ஊரிலேயே நன்றாக இருப்பதைத்தான் தேர்ந்தெடுத்து எடுத்துவருகிறார்கள். தாங்குகிற செடி அந்தத் தேர்வில் எப்போதும் ஜெயித்துவிடும். முடிக்கொத்து நோயுள்ள மாநிலங்களிலிருந்து வாழைக்கன்றை வெளியே கொண்டுபோக 1914-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் கட்டுப்பாடு இருக்கிறது. அந்த மாநிலங்களின் பட்டியலில் தமிழ்நாடும் உண்டு. கடல்தான் இந்தத் தீவின் செடிகளுக்கு வேலி. நம் பைதான் அந்த வேலியில் விழும் ஓட்டை. ஊரிலிருந்து கன்றும் குச்சியும் எடுத்துவராதீர்கள். காராச்சர்மாவில் மத்தியத் தீவு வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. என்ன நடலாம், எங்கே வாங்கலாம் என்று அங்கே கேளுங்கள். யாராவது உங்களுக்குக் கன்று தர மறுத்தால் கஞ்சத்தனம் என்று நினைப்பதற்கு முன் ஏன் என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.